ஏழு நிமிட மூடுபனி

"ஹிமாங்ஷு ராஹா எடுத்ததிலேயே மகா மட்டமான படம் 'வடக்குத் துறை'தான். இதுல விவாதிக்க என்ன இருக்கு?" என்றாள் கேயா, பொரியில் கடுகெண்ணெய் போதவில்லை என்று சொன்ன அதே அலுப்போடு.

"நிறைய இருக்கு. அவரோட நல்ல படங்கள்ல அது ஒண்ணு" என்றார் சங்கத்தின் நிறுவனர் பிஜன்தா.

மேஜையே சிரித்தது.

பவானிபூரில் எங்கள் திரைப்படச் சங்கத்தின் மாடியறை, சனிக்கிழமை மாலை. மறைந்த டைரக்டர் ராஹாவுக்குச் சிறப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. சங்க வழக்கப்படி சிறந்த படம் எது, மோசமான படம் எது என்று இரண்டையும் ஓட்டுப் போட்டு அச்சிடுவோம். வெறுமனே கும்பிடுவது விமர்சனம் ஆகாது என்பது கொள்கை. சிறந்த படம் 'மூன்றாவது ஜன்னல்' என்று பத்தே நிமிடத்தில் முடிவாகியிருந்தது. கல்கத்தாவில் பன்னிரண்டு பேர் பத்து நிமிடத்தில் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. எல்லோரும் மோசமான படத்துக்காகத் தெம்பை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

"இருபது வருஷமா இதையே சொல்றீங்க பிஜன்தா. அதுல அப்படி என்ன கண்டீங்க?" என்றாள் கேயா.

"அந்தப் படகோட்டி. நாலு நிமிஷம்தான் வர்றான். அந்த மாதிரி யார் நடிச்சிருக்கா, சொல்லு?"

"துடுப்பைத் துடைப்பம் மாதிரி பிடிச்சானே, அவனா?"

மறுபடியும் சிரிப்பு. மேஜையின் கோடியில், குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நிருபம்பாபு மட்டும் தலை நிமிராமல் மீன் கட்லெட்டைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எந்த விவாதத்திலும் வாய் திறந்ததாகச் சங்கக் குறிப்பேட்டில் பதிவே இல்லை.

"படகோட்டியை விடுங்க" என்றேன், சிறப்பிதழின் ஆசிரியன் என்ற தோரணையில். "அந்த மூடுபனிக் காட்சி இருக்கே, ஏழு நிமிஷம்! திரை முழுக்க வெள்ளை, ஒண்ணுமே நடக்காது. அதைப் பத்தி மட்டும் மூணு பக்கம் எழுதி வச்சிருக்கேன்."

பிஜன்தா என்னை நிதானமாகப் பார்த்தார்.

"மூடுபனி... சகிக்கலையா?"

"சகிக்கலை."

"சரிப்பா."

பெயர் எழுதாத சீட்டுகளில் ஓட்டுப் போட்டோம். நான் எண்ணினேன். பதினோரு சீட்டில் 'வடக்குத் துறை'. ஒன்றில் மட்டும் 'எதுவுமில்லை', பச்சை மையில். எங்களில் பச்சை மை பேனா வைத்திருப்பவர் பிஜன்தா ஒருவர்தான்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தாராளமா அச்சடிங்க. ஆனா அட்டையில நிறுவனர்னு என் பேர் வரக் கூடாது. அடுத்த சனிக்கிழமை எனக்கு நாற்காலியும் போட வேண்டாம்."

"இதென்ன பிடிவாதம்!" என்றாள் கேயா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாலே நாள் ஓடிய படம். அப்புறம் அதன் ஒரே பிரதியும் கிடங்குத் தீயில் போய்விட்டது. ஒரு பிடிச் சாம்பலுக்காக, தானே தொடங்கிய சங்கத்தை ஒரு மனிதர் உதறுவாரா?

டிராம் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன்.

"அந்தப் படகோட்டி யாருன்னு தெரியுமா?" என்றார். "நம்ம நிருபம். ஒட்டுத்தாடி, வேற பேரு. படம் வந்தப்போ எனக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் இவர் நம்ம மேஜைக்கு வந்து, 'இங்க உட்காரலாமா?'ன்னு கேட்டார் பாரு, குரல் காட்டிக் கொடுத்துடுச்சு. அந்த நாலு நிமிஷத்துக்கு மேல அவர் நடிக்கவே இல்லப்பா. நீங்க படகோட்டியைக் கிழிக்கறப்போ அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்கியா? கட்லெட்டை விட்டு நிமிராது."

"அப்போ... படம் நிஜமாவே நல்லா இருக்குமா?"

"குப்பை" என்றார் பிஜன்தா. "படு குப்பை. அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே."

டிராம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திரும்பி மாடிப்படி ஏறும்போதுதான் கணக்கு உறைத்தது. பன்னிரண்டு பேர். பச்சை மை போக, பதினொன்று. அப்படியானால் நிருபம்பாபுவின் சீட்டு?

எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். அவர் மட்டும் மண் கோப்பையில் மிச்சத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பழைய புகைப்படம் ஒன்றில் அவரை அடையாளம் கண்டதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"நீங்களே நடிச்ச படத்துக்கு எதிராவா எழுதினீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. சிரித்தார்.

"நடிச்சவனுக்குத் தெரியாதா எவ்வளவு மோசம்னு? துடுப்பை நான் துடைப்பம் மாதிரிதான் பிடிச்சேன். ஆனா பாவம், பிஜன்தாவுக்கு அந்தப் படம்னா உயிர். அந்தப் படகோட்டி நான்தான்னு அவருக்குத் தெரியாது. அவர் மனசு நோகக் கூடாதேன்னுதான் இருபது வருஷமா கட்லெட்டே கதின்னு இருக்கேன். சீட்டு ரகசியம்தானேன்னு அதுல மட்டும் உண்மையை எழுதிட்டேன். இப்போ இதுக்காகச் சங்கத்தை விட்டே போறேங்கறாரே! ஏதாவது செய்யுங்க எடிட்டர்பாபு."

இந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் யார், நீதி வழங்க?

"மோசமான படம்ங்கற பகுதியையே எடுத்துடறேன். இடப் பற்றாக்குறைன்னு ஒரு வரி போட்டாப் போச்சு" என்றேன், பெருந்தன்மையாக.

"ரொம்ப நல்லது." நிருபம்பாபு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, யாருமில்லாத அறையிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அப்படியே உங்க கட்டுரையையும் எடுத்துடுங்க. அந்தப் படத்துல மூடுபனியே கிடையாது. கடைசி வரைக்கும் வெயில்தான்."