பட்டறைப் பக்கம் வரமாட்டாள்

"இந்தத் தகர டப்பாவுல என்ன மாப்ள, பாம்பா வளக்கிறீங்க?" என்று கேட்டேன்.

என் மருமகன் ஆத்மநாதன் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக் கவிழ்த்தார். துருப்பிடித்த திருகாணிகள், பல் உடைந்த சக்கரங்கள், ஒரு செத்த பல்லி.

மறுநாள் சரசுவதி பூசை. அறந்தாங்கியில் மகள் வீட்டு முன்னறைதான் அவருடைய கடிகாரப் பட்டறை. எட்டு வருசக் குப்பையை ஒழித்து, சுவரில் பலகை அடித்து, மேசையை ஜன்னலோரம் நகர்த்திக் கொடுக்கலாம் என்று கீரமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். நானும் அதே தொழில்காரன். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டுப் போக எனக்கு வராது.

கூட்டக் கூட்டக் குப்பை வந்துகொண்டே இருந்தது. வேலை முடியாமல் மூலையில் கிடந்த கடிகாரங்கள் மட்டும் பதினொன்று.

"நுணுக்க வேலைக்கு ஒரு ஆள் இருந்தா எங்கேயோ போயிருப்பேன் மாமா. ஒத்தக் கை எவ்வளவுதான் ஓடும்?" என்றார்.

ஆள் உள்ளேதான் இருந்தாள். பூசைச் சுண்டலுக்குக் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் அமராவதி பதிமூன்று வயதிலேயே என்னைவிட நன்றாகக் கடிகாரம் பார்ப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒருநாள் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு என் பட்டறையில் நல்ல வேலையெல்லாம் அவளுடையது. பெயர் மட்டும் எனக்கு.

ஐம்பத்துமூன்றாம் வருசம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஆம்பளை வேலை செய்கிற பெண்ணை எவன் கட்டுவான்? ஒரே நாளில் என் பட்டறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். அவள் விரல் கறையைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். வந்தவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு, "எங்க பொண்ணுக்கு அடுப்படி தவிர ஒண்ணும் தெரியாதுங்க. பட்டறைப் பக்கமே வரமாட்டா" என்றேன்.

என் வாய்தான் சும்மா இருக்காதே.

அந்தச் சொல்லை அவள் எட்டு வருசமாகக் காப்பாற்றினாள். ரெண்டு பிள்ளைக்குத் தாயானாள், ஒரு திருப்புளியைக்கூடத் தொடவில்லை. ஏன்டி இப்படி இருக்கிறாய் என்று ஒருதரம் கேட்டேன். "தெரியும்னு சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிருமேப்பா" என்றாள்.

அந்தப் பதினொன்றையும் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டேன். மானம் போனால் போகட்டும்.

"மாப்ள, நான் பொய் சொல்லித்தான் ஒங்களுக்குப் பொண்ணு குடுத்தேன். அமராவதிக்கு இந்த வேல தெரியும். என்னைய விட நல்லாத் தெரியும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் மாமா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ராயவரத்துல ஒரு வீட்டுக் கடிகாரம். என்னால முடியாம திருப்பிக் குடுத்துட்டேன். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா ஓடுது, ஒங்க பட்டறையில குடுத்தாங்களாம். கேட்டுத் தொறந்து பாத்தேன். அப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல. ஒங்க ஊர்ல விசாரிச்சா, அது பெரியவரு வேலை இல்ல, மக செஞ்சதுன்னாங்க. அதுக்கப்புறந்தான் எங்க ஆத்தாவப் பொண்ணு கேக்கச் சொன்னேன்."

"பெறகு ஏன் மாப்ள அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க சபையில சொன்னீங்களே. எம் பொண்ணை இந்த வேலைக்குக் கூப்பிடாதன்னு எனக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவளா வரட்டும்னு இருந்துட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில் எட்டு வருசம் ரெண்டு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அமராவதி, இங்கிட்டு வாம்மா."

முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்து, ஜன்னலோர மேசையில் சின்னக் கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்து, திருகாணி பிடிக்கிற சாமணத்தை நீட்டினார். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

உட்கார்ந்தாள். வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பொடித் திருகாணி ஒன்றைச் சாமணத்தால் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடியும் நழுவியது.

மூன்றாம் தரம் திருகாணி தரையில் விழுந்து உருண்டது.

"கை வரலப்பா" என்று சிரித்தாள்.

"பழகினா வந்துரும்" என்றார் மாப்பிள்ளை.

"கடலை ஊறப்போடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

நாங்கள் ரெண்டு பேரும் பலகை அடித்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு தட்டில் கடுகைக் கொட்டி, கையோடு கொண்டுவந்திருந்த சாமணத்தால் ஒவ்வொரு கடுகாக எடுத்து இன்னொரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி கீழே விழுந்தது. விழ விழ எடுத்தாள். நடுவில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன்.