தாழிடாத தொட்டி

கார் முடிந்து கூதிர் தொடங்கிவிட்டது. மலைமேல் கனிகளெல்லாம் உதிர்ந்து தீர, காடு தன் களஞ்சியத்தைச் சாத்திக்கொள்ளும் பருவம். பனி இறங்குமுன் வயிறு நிரப்பிக்கொள்ளப் பசித்த உயிர்கள் மனிதர் வாழும் தெருக்களை நோக்கி மோப்பம் பிடித்து வரும் பருவம். மழை ஓய்ந்த அந்தக் காலையில் கூரையின் விளிம்பு மட்டும் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டின் பக்கவாட்டில் குந்தியிருந்த மருந்துக்கடைக்காரர், ஈர மண்ணில் பதிந்திருந்த தடங்களைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டிருந்தார். வாய் வழக்கம்போல் பதிகத்தைத் தொடங்கிற்று. இரண்டாம் அடியோடு நிறுத்திவிட்டுத் துடைப்பத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“என்னங்க, மண்ணு தேஞ்சு பாதாளமே தெரியப்போகுது, வாங்க உள்ள” என்றாள் மனைவி. “தேன் ஜாடியைக் கழுவினீங்களான்னு நேத்தே கேட்டேன். தலையைத் தலையை ஆட்டினீங்க.”

“பூசைக்கு நேரமாச்சுன்னு ஆட்டிட்டேன்.”

குப்பையில் போடும் ஜாடியைக் கழுவியே போட வேண்டும். தொட்டியின் மூடியைக் கொக்கி மாட்டித் தாழிட வேண்டும். கரடி இறங்கும் தெருக்களுக்கு ஊராட்சி வகுத்த விதி அது. இந்தத் தெருவில் அந்த விதிக்குக் காவலர் அவரேதான். வீடு வீடாகப் போய்த் தாழை இழுத்துப் பார்ப்பதனால் அவருக்கே ‘கொக்கி’ என்று பெயர் விழுந்திருந்தது.

அப்படிப்பட்டவர் நேற்று அந்திப் பூசைக்கு விரைந்த விரைவில், கழுவாத ஜாடியை எறிந்துவிட்டு, தாழையும் மறந்துவிட்டு ஓடிவந்தார். இறைவனை நோக்கி ஓடிய அந்தக் கால்கள், போகிற போக்கில் ஓர் உயிரின் கழுத்துக்குச் சுருக்கு வைத்துவிட்டுப் போயின.

விடியலில் வந்து தொட்டியைக் கவிழ்த்தது குட்டியோடு திரியும் தாய்க்கரடி. குப்பை தின்று ஏற்கெனவே இருமுறை பிடிபட்டு, நடுக்காட்டில் கொண்டுபோய் விடப்பட்டது. அடையாளத்துக்குக் காதில் வனத்துறை மாட்டிய மஞ்சள் வில்லையைப் பார்த்துத் தெருவார் அதை ‘மஞ்சக்கம்மல்’ என்றார்கள். இன்னொரு முறை குப்பையில் வாய் வைத்தால் துப்பாக்கிதான் என்பது உத்தரவு.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவரைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். போன ஆண்டு அடுத்த தெருவில் ஒரு கரடியைச் சுட்ட அதே பெண் அலுவலர். சுட்ட பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போனாராம். கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசிற்று.

“உங்க தொட்டி கவுந்து கிடந்துச்சுன்னு குப்பை லாரிக்காரர் சொன்னாரு.”

“உள்ள வாங்கம்மா, ஈரத்துல நிக்கிறீங்களே” என்றாள் மனைவி.

“பரவாயில்லைம்மா, இங்கயே நிக்கிறேன்.” குளிருக்குக் கால் மாற்றுகிறவர்போல, கேட்டருகே துடைப்பம் எட்டாத மண்ணில் பூட்ஸைத் தேய்த்தபடியே நின்றார் அலுவலர். “எது வந்துச்சு ஐயா?”

பதிகம் தவிர வேறொன்றுக்கும் வளையாத நாக்கு அவருடையது. அது இப்போது வளைந்தது.

“நாய் மேடம்.”

“என்ன நிறம்?”

“செவலை” என்றார் அவர்.

“கறுப்பு” என்றாள் மனைவி, அதே நொடியில்.

அலுவலர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். எதிர்வீட்டுத் தையற்காரப் பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். விடியலில் அவள் சன்னலோரம் நின்றதை மருந்துக்கடைக்காரர் பார்த்திருந்தார். போன வாரம்தான், தாழ் சரியாக விழவில்லையென்று தெருவே கூடி நிற்க அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

“நானும் பாத்தேன் மேடம்” என்றாள் அவள். நிதானமாக அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “நாய்தான். ரெண்டு. பெருசு செவலை, குட்டி கறுப்பு.”

பிறகு அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி, “கொக்கிண்ணே, உங்களுக்காகச் சொல்லலை. அந்தக் குட்டிக்காகச் சொன்னேன்” என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திராது.

அலுவலர் எழுதிக்கொண்டார். “நாயா இருந்தாலும் தாழ் போட்டுத்தான் வைக்கணும்.”

“இனி என் உயிர் இருக்கிறவரைக்கும் தவற மாட்டேன் மேடம்.”

அலுவலர் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார். தப்பித்தாயிற்று. ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு ஆறவில்லை. தன் பிழையை மறைக்க மனைவியும் பொய் சொல்லி, தான் அவமானப்படுத்தியவளும் பொய் சொல்லிவிட்டாள். இனி எந்த வாயோடு சன்னிதியில் நின்று பாடுவது?

“மேடம், ஒரு நிமிஷம்” என்றார். மனைவி அவர் கையைப் பற்றி இழுத்தாள். “நான் சொன்னது வந்து...”

அலுவலர் சட்டென்று திரும்பினார். “ஐயா, உள்ள விளக்கு எரியுதே. ஒரு தரம் கும்பிட்டுக்கலாமா?”

விடைக்குக் காத்திராமல் படியில் அமர்ந்து பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு பூசையறை வாசலில் போய் நின்று, தொப்பியை மார்போடு அணைத்துக் கண்களை மூடினார். உதடுகள் ஓசையின்றி அசைந்தன. நெடுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து பூட்ஸ் கயிற்றை முடிந்தபடி, முகம் பாராமலே சொன்னார்:

“போன வருஷம் அடுத்த தெருவுல நான் அத்தனை வீட்டுலயும் கேட்டேன், ஒருத்தர்கூட நாய்னு சொல்லலீங்கய்யா. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்.”