எந்தக் கரைப் பூ

"அக்கா, இந்தப் பூ பேரு என்ன?"

மருந்துக்கடை கவுண்டரில் இருமல் மருந்து தேடிக்கொண்டிருந்தவள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏன், நிபுணருக்கே தெரியலையா? போன வாரம் பூக்குழுவுல எனக்கே பாடம் எடுத்தீங்களே."

"கிண்டல் பண்ணாத. போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு."

பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது.

எத்தனையோ வருடம் கழித்துப் பாலைவனம் பூத்திருக்கிறது. அவளுக்கு லீவு கிடையாதாம். தம்பி மட்டும் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பூக்குழு வருடந்தோறும் போடும் புத்தகத்தின் அட்டைப்படத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. பூவின் பெயர் தப்பாக இருந்தால் படம் நேராகக் குப்பைக்கு. மூன்று வருடமாக அட்டை அவளுடையது.

மஞ்சள் பூ. தொண்டையில் சிவப்பாக நாலைந்து புள்ளி. செம்புள்ளிப் பூ. வறண்ட ஆற்றுக்குக் கிழக்கே மட்டும் முளைப்பது. புள்ளி இல்லாத மணல்பொன் மேற்கே மட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

"மணல்பொன்டா அது."

"சிவப்பா புள்ளி இருக்கே?"

"முதல்ல லென்ஸைத் துடை. புள்ளியெல்லாம் வெயிலுக்கு வர்றது. இலையைப் பாரு."

"சரி, மணல்பொன் ஆத்துக்கு எந்தப் பக்கம் முளைக்கும்?"

"ஓ, படிவத்துல இடம் எழுதுற வரைக்கும் வந்தாச்சா? மேற்கு."

"நிச்சயமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா. ப்ளீஸ்."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் அவள் கேட்டிராத சொல். அட்டை ஆசை ஆளை என்ன பாடு படுத்துகிறது.

"பன்னிரண்டு வருஷமா பூ பார்க்கிறேன்டா. மேற்குக் கரைதான். கண்ணை மூடிட்டு நம்பு."

"தேங்க்ஸ்க்கா. நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ."

போனை வைத்தவள், எதிரே இருமிக்கொண்டு நின்றவருக்கு மருந்தோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தாள். அவருக்குக் காரணம் புரியவில்லை. அப்போது மணி ஒன்று.

ஐந்து அடித்ததும் குழுவைத் திறந்தாள். வந்த படங்களின் பட்டியலில் தம்பியின் படம் இல்லவே இல்லை. உடனே போன் போட்டாள்.

"என்ன நிபுணரே, அட்டைக்கு அனுப்பவே இல்லையா? அக்காவோட மோத பயமா?"

மறுமுனையில் காற்று இரைந்தது. மூச்சு வாங்கியது.

"அட்டையை நீயே வச்சுக்கோக்கா. காலையிலேயே வழி தவறிட்டேன். மேப்புல நான் நிக்கிற இடமும் காட்டல. சொன்னா நீ காலம் பூரா சிரிப்பேன்னுதான் பூ பேரைக் கேட்கிற மாதிரி கரையைக் கேட்டேன். காரு ஆத்துக்குள்ளதான் நிக்குது. நான் நின்னது மேற்குக் கரைன்னு நீ சொன்னதும், உன்னை நம்பி நாலு மணி நேரமா கிழக்கு பார்த்தே நடக்கிறேன். ஆறு இன்னும் வரலையேக்கா."