கீல் பிடித்த கை

முதல் அடி அல்போன்ஸின் வாயில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவனைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

"நமக்ஹராம்! என் சோத்தைத் தின்னுட்டு படகுக்கா குத்தின?" என்று கத்தினார் சிவஞானம் மேஸ்திரி.

மரம் வெட்டும் கேம்ப்பின் லைன் வீடுகளே காலியாகி, எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். அந்தமானில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. கான்ட்ராக்டரின் மைத்துனர் தராசுச் சின்னத்தில் நின்றார். எதிரே படகுச் சின்னம்.

"லைன் மொத்தமும் நமக்குத்தான்" என்று முதலாளியிடம் மார்தட்டிவிட்டு, மேஸ்திரி தன் ஓட்டைப் போட கராச்சர்மாவுக்குப் போய்விட்டார். அவர் பெயர் அந்த ஊர் லிஸ்ட்டில்தான் இருந்தது.

இன்று காலை, படகு ஜெயித்துவிட்டதாக வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. யாராவது ஒருவன் உதை வாங்கியாக வேண்டும் அல்லவா? கேம்ப்பின் படகுத் தச்சன் அல்போன்ஸ் அகப்பட்டான்.

"மாதா மேல சத்தியம் மேஸ்திரி, தராசுலதான் குத்தினேன். ரோசலினுக்குப் பிரசவம் கஷ்டமானப்ப லாஞ்ச் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புனீங்களே, உங்களுக்கா துரோகம் பண்ணுவேன்?"

"புளுகுறான்," என்றான் சண்முகம். மேஸ்திரியின் அடியாட்கள் மூன்று பேரில் அவன்தான் மூத்தவன். "அன்னிக்கு டோங்கிக்குக் கீல் பூசிக்கிட்டிருந்தவன், கையைக்கூடக் கழுவாம பூத்துக்கு ஓடினான். டோங்கிதான் அவனுக்கு உசுரு. படகைப் பாத்தா வேற எதுல குத்துவான்?"

கூட்டம் "அதானே" என்றது. டோங்கிப் படகின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அப்பும் கறுப்புக் கீல், அல்போன்ஸின் நகக்கண்ணில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"குத்தின கையை நீட்டுடா."

அல்போன்ஸ் நீட்டவில்லை. அந்தக் கைதான் அவன் வீட்டுக்குச் சோறு. சண்முகமும் ஜெயமணியும் அதை இழுத்து ஒரு மரத்துண்டின் மேல் வைத்து அழுத்தினார்கள். லூர்துநாதன் கோடாலியின் பின்பக்கத்தால் ஓங்கிப் போட்டான். விரல்கள் நொறுங்கிய சத்தம் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. பாவி, இன்னொரு தடவையும் போட்டான்.

ரோசலின் கைக்குழந்தையோடு ஓடிவந்து மேஸ்திரியின் காலில் விழுந்தாள்.

"இப்ப லாஞ்ச் வரும். குடும்பத்தோட ஏறிடணும். கப்பலைப் பிடிச்சு மெயின்லேண்டுக்குப் போய்ச் சேருங்க," என்றார் மேஸ்திரி.

அடியாட்கள் மூவரும் அவள் வீட்டுப் பானை சட்டிகளை வெளியே வீசினார்கள். மேஸ்திரியைவிட அவர்களுக்குத்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது.

லாஞ்ச் வந்தது. போர்ட் பிளேரில் ஓட்டு எண்ணும்போது கான்ட்ராக்டரின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த கிளார்க் கிருஷ்ணமூர்த்தி இறங்கினார்.

"நம்ம லைன் பெட்டியில எப்படிய்யா? ஒரே ஒரு ஓட்டுதானே படகுக்குப் போச்சு?" என்று கேட்டார் மேஸ்திரி.

கிருஷ்ணமூர்த்தி கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். "இல்ல மேஸ்திரி. ஒரே ஒரு ஓட்டுதான் நமக்கு வந்திருக்கு. மிச்சம் அத்தனையும் படகு."

கூட்டம் தரையைப் பார்த்தது. வருஷக்கணக்கில் புழுத்த அரிசியை ரேஷனாகப் போட்டால் வேறு என்ன நடக்கும்? மேஸ்திரி, லூர்துநாதன் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு மூவரையும் பார்த்துத் திரும்பினார்.

"அந்த ஓட்டு நான் போட்டது மேஸ்திரி!" என்று சண்முகம் பின்வாங்கினான்.

"பொய் சொல்றான், அது நான்!" என்றான் ஜெயமணி.

லூர்துநாதனும் மாதா மேலேயே சத்தியம் செய்தான்.

"எவன் போட்டானோ, என் உசுரை வாங்கிட்டான்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "அந்தச் சீட்டு செல்லாதுன்னு படகுக்காரங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. சண்டை போட்டுத்தான் சேர்க்க வச்சேன்."

"ஏன் செல்லாதாம்?"

"சீட்டு பூரா கீலு, மேஸ்திரி."