முழுப்படம்

ஸ்டுடியோவில் போட்டோ திருத்துகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும், நடுவில் ஒருமுறை சுருக்கி முழுப்படத்தையும் பார்த்துவிடுவார். இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

ஒரு பெண் அவரிடம் கொண்டுவந்தது ஒரு ரயில் நிலையப் படம். காணாமல்போன அவள் தம்பி கூட்டத்துக்குப் பின்னால், படிக்கட்டின் முதல் படியில் நின்றான். போஸ்டருக்கு முகம் வேண்டும். வேறு படமே இல்லை.

நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியதும் முகம் தெளிவாகக் கிடைத்தது.

"முழிக்கிறான் பாருங்க, திருட்டுப்பய," என்று சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

வெட்டி எடுப்பதற்கு முன், வழக்கம்போல் முழுப்படத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். தம்பி நான்காவது படியில் இருந்தான். முதுகுதான் தெரிந்தது.

"என்ன சார், வேற ஆளக் காட்றீங்க?"

"அதே சட்டைதாம்மா."

அவள் பென் டிரைவில் இருந்த மூலப்படத்தையும் திறந்தார். அதிலும் முதுகுதான். பதற்றத்தில் கை பழக்கத்துக்கே போனது, சுருக்கிப் பெரிதாக்கினார். கடைசிப் படியில் ஒரு குதிகால் மட்டும் மிச்சமிருந்தது.

"போதும் சார். இனிமே தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தக் கணினியை அவர் அணைக்கவேயில்லை. தினமும் வேலை விட்டதும் அவள் வந்து, திரைக்கு எதிரே ஸ்டூலில் உட்காருகிறாள். அவ்வளவு பெரிதாக்கினால் குதிகால் என்பது வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்தான். அவற்றை விரல்விட்டு எண்ணுகிறாள்.

நேற்று ஒன்பது இருந்தன. மவுஸை யாரும் தொடவில்லை.

இன்று ஏழு.