பச்சைக் கை

"அண்ணே, மறுபடியுமா? சாயம் அடிச்ச சுவத்துல கை வைக்கிறது நீங்கதானே?"

நளினி கேட்டதும் மளிகைக் கடைக்காரர் பரஞ்சோதி பதறினார். "நான் ஏம்மா வைக்கப் போறேன்? என் கை அவ்ளோ சின்னதாவா இருக்கு?"

அதுவும் நியாயம்தான். புது நீலச் சுவரில், இடுப்பு உயரத்தில், சின்னதாக ஒரு பச்சை உள்ளங்கை. அழித்தால் மறுநாள் காலை திரும்ப வந்துவிடுகிறது.

மலேசியாவின் பீடோங் ஊரில், பழைய கடை வரிசைக்கு அந்தக் காலத்து நிறத்தையே திருப்பிக் கொடுக்கும் வேலை நளினிக்கு. பச்சையைச் சுரண்டி, அடியில் கிடந்த நீலத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான். பச்சை பிற்பாடு அடித்தது. அவள் கணக்கில் அது குப்பை.

"அக்கா, பாத்தீங்களா," சாயம் அடிக்கும் சுகுமாரன் குரலைத் தாழ்த்தினான். "நம்ம சுரண்டிப் போட்ட அதே பச்சை. இது இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. நான் நாளைக்கு வரல லா."

நளினி கிட்டப் போய்ப் பார்த்தாள். நிறத்தில் அவள் கண் தப்பாது. அதே பச்சைதான்.

அந்த நேரம், பஸ்ஸுக்குப் போகிற வழியில் பக்கத்து ரப்பர் தோட்டத்து இராசாத்தி வந்து நின்றாள். பச்சைக் கைமேல் தன் கையை வைத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று சுவரைக் கேட்டாள். பதில் வருமோ என்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள்.

நளினி சுவரைவிட்டுப் பின்வாங்கினாள். முகம் கழுவலாமென்று கடையின் பின்கட்டுக்குப் போனாள். அங்கே வாளிக்குள் ஒரு வெள்ளைக் கை நின்றது. மணிக்கட்டோடு சரி, அதற்குமேல் ஆள் இல்லை. உள்ளங்கையில் பச்சை.

அலறியே விட்டாள்.

"கத்தாதம்மா, பீங்கான்தான்!" பரஞ்சோதி ஓடி வந்தார். "கையுறை பேக்டரியில கழிச்சுப் போட்ட அச்சு. நீ சுரண்டின தூளை அள்ளி வச்சுப் பசையில கரைச்சேன்."

"எதுக்குண்ணே?"

"பச்சை அடிச்ச அன்னைக்கு, ஈரச் சுவத்துல கை வைடின்னு இராசாத்தி மவளைத் தூண்டிவிட்டதே நான்தான். அடுத்த மாசம் காய்ச்சல்ல போயிட்டா. அந்தத் தடத்தைத் தொட்டுட்டுத்தான் இராசாத்தி தினம் வேலைக்குப் போகும். நான் சாமான் வாங்கப் பாசாருக்குப் போன நேரத்துல நீ அழுக்குன்னு சுரண்டிட்ட. அதுகிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

நளினி வெளியே வந்தாள். சுகுமாரனைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் இனி பிரஷ் படக்கூடாது என்றாள்.

மறுநாள் காலை இராசாத்தி வந்ததும் பக்கத்தில் போனாள். "அக்கா, இந்தக் கையை இனிமே யாரும் அழிக்க மாட்டாங்க."

இராசாத்தி கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பரஞ்சோதி அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் நளினியின் காதருகே குனிந்தாள்.

"என் மவ வச்சது இடது கைமா. இது வலது. அண்ணன் இவ்ளோ பாடுபடுறாரேன்னுதான் தொட்டுட்டுப் போறேன். அவருகிட்ட சொல்லிராத, மனசு ஒடைஞ்சிருவாரு."