தகயாமாவில் இருவருக்கு ஓர் அறை

எந்த ஊருக்குப் போவது, கனசாவாவா தகயாமாவா என்று அக்காளும் தங்கையும் காலையிலிருந்து மல்லுக்கு நின்றதில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒருவழியாகத் தகயாமா ஜெயித்தது.

"மலையும் மாட்டுக்கறியும் இருக்கு. ரெண்டு நாளைக்கு வேற என்னடி வேணும்?" என்றாள் அக்காள் மிசாவோ.

"நீ கறிக்குத்தான் போறே. மலை சும்மா பேச்சுக்கு" என்றாள் தொகிகோ.

மிசாவோ வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அவளாகத் தேர்ந்தெடுத்துப் போகிற முதல் ஊர் அது. இத்தனைக்கும் அவர்கள் இருக்கும் கிஃபுவிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். கணவன் ரியோஹெய் இருந்தவரை கடைத்தெருவைத் தாண்டி அவளைத் தனியாக விட்டதில்லை. திரும்பி வரத் தாமதமானால் என்ன நடக்கும் என்பதற்கு அவளுடைய இடது காதே சாட்சி. அவன் அறைந்த அறையில் அந்தக் காது கேட்காமல் போனதுதான், திரும்பவே இல்லை.

அந்த ரியோஹெய் ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போனான். அதோடு சரி.

பெட்டியும் கையுமாக அவன் ஒசாகா ரயிலில் ஏறியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகத் தொகிகோ போலீஸில் சொன்னாள். எவளோ ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று தெருவே பேசியது. போலீஸும் மேற்கொண்டு தேடவில்லை.

முதல் வருடம் முழுக்க மிசாவோ வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள். "அத்தான் வர மாட்டார்க்கா. நீ நிம்மதியாத் தூங்கு" என்று தொகிகோதான் பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

இந்த மாதம் குடும்ப நீதிமன்றம் அவனை இறந்தவனாக அறிவித்தது. இந்தப் பயணம் அதற்காகத்தான். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பழைய மரக்கட்டட விடுதி ஒன்றின் படம் மிசாவோவுக்குப் பிடித்துப்போனது. தானே போன் செய்து சனிக்கிழமைக்கு இருவர் தங்க ஓர் அறை கேட்டாள். பெயர் கேட்டபோது ஒரு கணம் தயங்கி, கல்யாணத்துக்கு முந்தைய பெயரைச் சொன்னாள். குசுமி மிசாவோ. சொன்னதும் முதுகு நிமிர்ந்தது.

பிறகு இருவரும் அடியில் கணப்பு வைத்த மேசையின் போர்வைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்தபடி திட்டம் போட்டார்கள். காலைச் சந்தையில் ஊறுகாய் வாங்க வேண்டும். சாகே வடிக்கிற வீடுகளில் ஒன்று விடாமல் ருசி பார்க்க வேண்டும். "நீ குடிச்சுட்டுப் பாட ஆரம்பிச்சா நான் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள் தொகிகோ.

அப்போது போன் அடித்தது. விடுதியிலிருந்துதான்.

காது போனதிலிருந்து மிசாவோ எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள் விடுதிக்காரி. "உங்க வீட்டுக்காரர் வந்துட்டார்."

"ஆள் மாத்திப் போன் போட்டுட்டீங்க போலிருக்கு. நாங்க ரெண்டு பொம்பளைங்க வர்றோம். அக்கா, தங்கச்சி."

"குசுமி மிசாவோதானே நீங்க? அந்தப் பேரைத்தான் சொன்னார். சனிக்கிழமைக்குத்தான் ரூம்னு சொல்லிட்டேன். பரவாயில்ல, அதுவரைக்கும் காத்திருக்கேன்னு வாசல்லயே உட்கார்ந்துட்டார்." விடுதிக்காரி குரலை உயர்த்தினாள். "நான் பேசறது கேக்குதாம்மா? உங்களுக்கு இடது காது கேக்காது, சத்தமாப் பேசுங்கன்னார்."

மிசாவோவின் கை தானாக அந்தக் காதைப் பொத்திக்கொண்டது.

அறையில் இருந்த சூடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பெயரில் அறை எடுத்தது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"உயிரோடதான் இருக்கான்டி" என்று தங்கையிடம் கிசுகிசுத்தாள். "எப்படியோ கண்டுபிடிச்சுட்டான்."

தொகிகோ இப்போது போனைப் பிடுங்கிக் கத்துவாள் என்று மிசாவோ எதிர்பார்த்தாள். போலீஸுக்குச் சொல்வோம், கதவைத் தாழ்ப்பாள் போடு, நான் இருக்கேன் என்பாள். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தாள்.

தொகிகோ கத்தவில்லை. உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்தபடி, போனை நோக்கி மெல்லக் குனிந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன.

"அவர்... நனைஞ்சிருக்காரா?"

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது.

"ஆமாங்க" என்றாள் விடுதிக்காரி. "துண்டு மேல துண்டா குடுத்துட்டோம். துடைக்கத் துடைக்க வடிஞ்சுக்கிட்டே இருக்கு. இங்க மழைகூட இல்லீங்க."

மிசாவோ போனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.